ஒரு ஏக்கர் எரிசாராயக் கணக்கு



வயலில் விளைகிற எரிபொருளைப் பற்றி இன்று கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். மக்காச்சோளத்திலிருந்தும் கரும்பிலிருந்தும் அரிசியிலிருந்தும் எரிசாராயம் எடுக்கிறார்கள். எத்தனால் என்று சொல்கிறோமே, அதுதான். காட்டாமணக்கு, புங்கம் விதைகளிலிருந்து டீசலுக்குப் பதிலாக எண்ணெய் எடுக்கிறார்கள். இந்த எரிபொருளை உண்டாக்க எவ்வளவு சக்தி செலவாகிறது, அது எவ்வளவு சக்தியைத் திருப்பித் தருகிறது, வானத்துக்குப் போகும் புகை உண்மையில் குறைகிறதா? இதை ஏர் பூட்டுவதில் தொடங்கி வண்டி டேங்க் வரைக்கும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அம்பத்தூரில் உட்கார்ந்துகொண்டு விவசாயம் பேசுகிறாரே என்று சிலர் நினைக்கலாம். அது நியாயம்தான். 1964-ல் தொழிற்பேட்டை வந்த பிறகு இங்கே ஏரி மிஞ்சியது, ஆயக்கட்டு மிஞ்சவில்லை. ஆனால் திருநின்றவூர், திருவள்ளூர் பக்கத்திலிருந்து கோயம்பேட்டுக்குக் கத்தரியும் கீரையும் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் இந்த ஊர் பங்க்கில்தான் பெட்ரோல் போடுகிறார்கள். அந்தப் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எரிசாராயம். 2014 வாக்கில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குதான் கலந்தார்கள். 2022-ல் அது பத்துப் பங்கு ஆனது. 2025-ல் இருபது பங்கைத் தொட்டுவிட்டது. ஆகவே இது நம் வண்டியிலேயே ஓடுகிற சமாசாரம். நாளைக்கு நம் வயலுக்கும் வரப்போகிற சமாசாரம். மக்காச்சோளம் போடுங்கள், நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று ஆள் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதற்காகவாவது இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

உழவர் கூட்டங்களில் இந்தப் பேச்சு எடுத்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "ஐயா, செடி வளரும்போது காத்துல இருக்கிற கரியமிலவாயுவை இழுத்துக்குது. எரிக்கும்போது அதையே திருப்பி விடுது. வாங்கினதைக் கொடுத்தாச்சு. அப்புறம் என்ன கணக்கு?" நல்ல கேள்விதான். சாராயத்துக்குள்ளே இருக்கிற கரியைப் பொறுத்தவரை அது சரியும்கூட. பெட்ரோல் அப்படியல்ல. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடைகூட இருக்காது. எரிந்தால் 2.3 கிலோ கரியமிலவாயு வருகிறது. காற்றிலுள்ள பிராணவாயு கூடச் சேர்வதால் எடை ஏறுகிறது. அந்தக் கரி கோடிக்கணக்கான வருஷம் பூமிக்கு அடியில் கிடந்தது. அதை நாம் தோண்டி எடுத்து மேலே விடுகிறோம். செடிச் சாராயத்தில் இந்தக் குற்றம் இல்லை.

ஆனால் செடி தானாக வளர்ந்து, தானாக ஆலைக்கு நடந்து, தானாக வடிந்து டேங்க்குக்குள் போய்விடவில்லையே! நடுவில் டிராக்டர் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, லாரி ஓடுகிறது, ஆலையில் பாய்லர் எரிகிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் யூரியா மூட்டை வருகிறது. அந்தச் செலவையெல்லாம் எழுதாமல் வரவை மட்டும் எழுதினால், கூலி எழுதாமல் விளைச்சல் லாபம் போட்ட மாதிரிதான்.

முதலில் யூரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மில் பலர் இதை உப்பு மாதிரி ஒரு பொருள், எங்கோ வெட்டி எடுக்கிறார்கள் என்று நினைக்கிறோம். மணலிக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். அங்கே ஒரு பக்கம் கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, இன்னொரு பக்கம் சென்னை உர ஆலை. 'விஜய்' யூரியா என்று மூட்டை வருகிறதே, அது அங்கே தயாராவதுதான். முன்பு நாப்தா என்ற எண்ணெயை வைத்து யூரியா செய்தார்கள். 2019-லிருந்து எண்ணூர் துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்குகிற இயற்கை எரிவாயுவை வைத்துச் செய்கிறார்கள். ஆக, பெட்ரோலும் யூரியாவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. ஒன்று வண்டிக்குப் போகிறது, ஒன்று வயலுக்கு வருகிறது.

நம் நாட்டு ஆலைகளில் ஒரு டன் யூரியா செய்ய ஏறக்குறைய 60 லட்சம் கிலோ கலோரி சக்தி செலவாகிறது. கலோரிக் கணக்கு நமக்கு வேண்டாம். எல்லாவற்றையும் லிட்டர் டீசலாகவே அளப்போம், அது நமக்குப் பழகின படி. 45 கிலோ மூட்டை ஒன்றுக்கு அடங்கிய சக்தி 31 லிட்டர் டீசல்! கடையில் நீங்கள் கொடுப்பது 270 ரூபாய்க்குள். மீதியை அரசாங்கம் கொடுக்கிறது. 31 லிட்டர் டீசலை பங்க்கில் வாங்கிப் பாருங்கள், இரண்டாயிரத்துக்கு மேல் ஆகும். விலை மலிவாக இருப்பதால் அதற்குள் இருக்கிற எண்ணெய் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மூட்டை வயலுக்கு வந்த பிறகும் கதை முடியவில்லை. யூரியா மண்ணில் கரையும்போது அதற்குள் அடைத்து வைத்த கரியமிலவாயு வெளியே வருகிறது. மூட்டைக்கு 33 கிலோ. அது போகட்டும். இன்னொரு வாயு இருக்கிறது, அதுதான் பொல்லாதது. நைட்ரஸ் ஆக்சைடு என்று பெயர். தழைச்சத்தில் ஒரு பகுதியை மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் இந்த வாயுவாக மாற்றிவிடுகின்றன. உலக அளவில் விஞ்ஞானிகள் வைத்துக்கொள்ளும் தோராயம் நூறு கிலோ தழைச்சத்துக்கு ஒரு கிலோ என்பது. மண்ணுக்கு மண், ஈரத்துக்கு ஈரம் இது மாறும். ஓசோன் படலத்தைப் பற்றிய வேலைக்காக 1995-ல் நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானிகளில் ஒருவரான பால் குருட்சன், வாய்க்காலிலும் ஆற்றிலும் கலந்து பிறகு வெளியேறுவதையும் சேர்த்தால் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து வரை வரும் என்று 2008-ல் எழுதினார். நாம் குறைந்த கணக்கையே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ என்றால் அற்பம்தானே என்று தோன்றும். ஆனால் இந்த வாயு ஒரு கிலோ, பூமியைச் சூடாக்குவதில் 273 கிலோ கரியமிலவாயுவுக்குச் சமம். அப்படிப் பார்த்தால் ஒரு மூட்டை யூரியா இந்த வழியில் மட்டும் 90 கிலோ கரியமிலவாயு விட்டதற்கு ஒப்பாகும். நாம் மேலே தூவிய பணத்தில் ஒரு பங்கு இப்படிக் காற்றில் போகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இப்போது ஒரு ஏக்கர் மக்காச்சோளத்துக்கு வருவோம். இது நானாகப் போட்ட மாதிரிக் கணக்கு. உங்கள் வயலுக்கு உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இறவைப் பாசனத்தில் வீரிய ஒட்டு ரகம். பரிந்துரை ஹெக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு 100 கிலோ, அதாவது ஏறக்குறைய 5 மூட்டை யூரியா. விளைச்சல் 25 குவிண்டால் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் மக்காச்சோளத்தில் 380 லிட்டர் எரிசாராயம் வடிக்கலாம் என்பது ஆலைக் கணக்கு. நம் இரண்டரை டன்னுக்கு 950 லிட்டர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எரிசாராயத்தில் பெட்ரோலைப் போல மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் உண்டு. மைலேஜ் குறைகிறது என்று வண்டிக்காரர்கள் முணுமுணுப்பதற்கு இதுதான் காரணம். டீசல் படியால் அளந்தால் 950 லிட்டர் சாராயம் 550 லிட்டர் டீசலுக்குச் சமம். இது வரவு.

செலவு பாருங்கள். 5 மூட்டை யூரியாவுக்கு 155 லிட்டர். உழவு, விதைப்பு, கதிர் அடிப்பு எல்லாம் சேர்த்து டிராக்டருக்கு 25 லிட்டர். லாரி வாடகைக்கு 10 லிட்டர். அடுத்தது மோட்டார். 5 குதிரைசக்தி மோட்டார் மணிக்கு 4 யூனிட் இழுக்கும். பயிர் முடிய 100 மணி நேரம் ஓடினால் 400 யூனிட். "நமக்குத்தான் கரண்டு இலவசமாச்சே" என்பீர்கள். உங்களுக்கு இலவசம். ஆனால் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல் மின் நிலையத்தில் எரிகிற நிலக்கரி இலவசம் இல்லை. அனல் மின் நிலையத்தில் மூன்று பங்கு நிலக்கரிச் சக்தி எரிந்தால் ஒரு பங்குதான் மின்சாரமாகக் கம்பிக்கு வருகிறது. மீதி இரண்டு பங்கு சூடாகப் போய்விடுகிறது. ஆகவே அந்த 400 யூனிட்டின் பின்னால் 120 லிட்டர் டீசலுக்குச் சமமான நிலக்கரி இருக்கிறது.

கடைசியில் ஆலை. மாவைக் கரைத்து, புளிக்க வைத்து, காய்ச்சி வடித்து, மிஞ்சிய சக்கையை உலர்த்த வேண்டும். எல்லாவற்றுக்கும் நீராவி வேண்டும். ஒரு லிட்டர் சாராயத்துக்குச் சுமார் 3 கிலோ நீராவி என்று வைத்தால் நம் ஏக்கர் சாராயத்துக்கு 600 கிலோ நிலக்கரி எரிய வேண்டும். டீசல் படிக்கு 280 லிட்டர்.

கூட்டுங்கள். 155, 25, 10, 120, 280. மொத்தம் 590. வரவு 550!

அதாவது நிலக்கரி பாய்லர் வைத்த ஆலைக்கு, முழு யூரியாவும் முழு மோட்டாரும் போட்டு மக்காச்சோளம் விளைவித்துக் கொடுத்தால், எண்ணெயையும் நிலக்கரியையும் எரிசாராயமாக உருமாற்றினோமே தவிர, மேலதிகமாக ஒன்றும் சம்பாதிக்கவில்லை. ஆனால் சக்கைக்கு வரவு வைக்க வேண்டும். அது நியாயம். டன்னுக்கு 300 கிலோ வீதம் முக்கால் டன் சக்கை மிஞ்சும். தீவன வியாபாரிகள் அதை டி.டி.ஜி.எஸ். என்பார்கள். நல்ல புரதம் உள்ளது, கோழிக்கும் மாட்டுக்கும் போகிறது. அதன் பங்குச் செலவைக் கழித்தால் கணக்கு ஓரளவு தலைதூக்கும். அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இந்தச் சண்டை வெகுகாலமாக நடந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேவிட் பிமென்டல், மக்காச்சோளச் சாராயத்துக்குப் போடுகிற சக்தி கிடைக்கிற சக்தியைவிட அதிகம் என்று 2005-ல் கூடக் கணக்குக் காட்டினார். அங்குள்ள வேளாண் துறையினர் இல்லை, ஒன்று போட்டால் ஒன்றரையோ இரண்டோ வருகிறது என்றார்கள். பெர்க்லியில் இருந்த குழு ஒன்று 2006-ல் இரு தரப்புக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தது. லாபம் உண்டு, ஆனால் சூடாக்கும் வாயு பெட்ரோலைவிடப் பதின்மூன்று சதம் போலத்தான் குறைகிறது என்று முடித்தது. நூற்றுக்குப் பதின்மூன்று! பிரேசில் நாட்டுக் கரும்புச் சாராயமோ ஒன்று போட்டால் எட்டு, ஒன்பது திருப்பித் தருகிறது. இரண்டும் சாராயம்தான். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

விடை பாய்லரில் இருக்கிறது. திருவாலங்காட்டிலுள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் 280 முதல் 300 கிலோ சக்கை மிஞ்சும். அதைத்தான் ஆலை எரிக்கிறது. கரும்பு தன் விறகைத் தானே சுமந்துகொண்டு வருகிறது. மக்காச்சோள மணி வெறுங்கையோடு வருகிறது, ஆலைக்காரர் வேறெங்காவது விறகு தேட வேண்டும்.

அந்த விறகு நம் பக்கத்திலேயே இருக்கிறது. செங்குன்றத்து அரிசி ஆலைகளைப் பார்த்திருப்பீர்கள். நூறு கிலோ நெல் அரைத்தால் இருபது கிலோ உமி வருகிறது. நாம் சொன்ன 600 கிலோ நிலக்கரிக்குப் பதில் 800 கிலோ உமி எரித்தால் போதும். நாலு டன் நெல்லின் உமி அது. உமியிலுள்ள கரியும் அந்த வருஷத்துக் காற்றிலிருந்து வந்ததுதான், கணக்கில் ஏறாது. அப்போது செலவு 590-லிருந்து 310-க்கு இறங்கிவிடுகிறது. வரவு அதே 550. இதே மக்காச்சோளம், இதே வயல்!

புகைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். நம் ஏக்கர் சாராயம் ஏறக்குறைய 630 லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்யும். அந்தப் பெட்ரோல் எரிந்தால் வருவதையும், அதைத் தோண்டிச் சுத்திகரிப்பதில் வருவதையும் சேர்த்தால் 1,750 கிலோ கரியமிலவாயு போல இருக்கும். நம் சாராயத்தின் பக்கம்: வயலில் யூரியாவால் வரும் இரண்டு வகை வாயுவும் 600 கிலோவுக்குச் சற்று மேலே. மோட்டாருக்காக எரிந்த நிலக்கரி 380. டிராக்டரும் லாரியும் 95. ஆலை நிலக்கரி 900. மொத்தம் 2,000-ஐ நெருங்குகிறது. யூரியா ஆலையின் புகையை இன்னும் இதில் சேர்க்கவில்லை. உமி எரித்தால் 1,100-க்குள் நிற்கும். 'பசுமை எரிபொருள்' என்று பலகை எழுதுவது சுலபம். பசுமையா இல்லையா என்பதை பாய்லருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.

கரும்பு அவ்வளவு நல்லதென்றால் எல்லாரும் கரும்பே போடலாமே என்று அவசரப்பட வேண்டாம். கரும்பு தண்ணீர் குடிக்கிற பயிர். மத்திய அரசின் நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே, கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எரிசாராயத்துக்கு 2,860 லிட்டர் தண்ணீர் போகிறது என்று எழுதியிருக்கிறது. புழல், சோழவரம், பூண்டி என்று ஏரிகளைப் பட்டணம் பார்த்துக்கொண்டிருக்கிற நம் ஜில்லாவில் அது யோசிக்க வேண்டிய விஷயம். 2023-ல் மழை குறைந்து கரும்பு குறையும் என்று தெரிந்ததும், டிசம்பர் மாதம் கரும்புச் சாற்றிலிருந்து சாராயம் எடுப்பதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. விலை ஏறியது. நமக்கு நல்லதுதானே? விற்கிறவருக்கு நல்லதுதான். நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் தீவனத்துக்கு அலைந்தார். மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024-ல் வெளியிலிருந்து இறக்குமதி செய்தது. நாம் வண்டிக்குப் போட்ட மணியை ஈடுகட்ட வேறெங்கோ ஒருவன் காட்டை வெட்டி உழுதால் அந்தக் காடு எரிந்த புகையையும் யார் பேரில் எழுதுவது? அமெரிக்காவில் திமோதி சர்ச்சிங்கர் என்பவர் 2008-ல் இந்தக் கேள்வியைக் கிளப்பினார். இன்றைக்கும் முழுசாகத் தீரவில்லை.

கரும்பில் சாற்றை எடுப்பது வேறு, கழிவுப்பாகை எடுப்பது வேறு. சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் பாகு எப்படியும் வரத்தான் போகிறது. ஒரு டன் பாகில் 225 லிட்டர் சாராயம் கிடைக்கும். அதன் பேரில் கரும்பின் முழு உரச் செலவையும் எழுதுவது நியாயமில்லை. மாட்டுக்குப் போடுகிற பிண்ணாக்குச் செலவைப் பாலின் பேரில் எழுதுவோமா, சாணத்தின் பேரில் எழுதுவோமா? பெரும்பகுதி பாலுக்கு. அதே மாதிரிதான். கழிவுப்பாகு, உமி, ஓட்டலில் வடை சுட்டு மிஞ்சிய எண்ணெய், சாணம் போன்ற மிச்சப் பொருள்களிலிருந்து எடுக்கும் எரிபொருள்தான் என் கணக்கில் எப்போதும் முன்னால் நிற்கிறது. அதற்கென்று தனியாக யூரியா போடுவதில்லை, தனியாக நிலம் ஒதுக்குவதில்லை.

வைக்கோலைச் சேர்க்கவில்லையே என்று கேட்கலாம். ஹரியானாவில் பானிபட்டில் 2022-ல் வைக்கோலிலிருந்து எரிசாராயம் எடுக்கும் ஆலை திறந்தார்கள். பஞ்சாப், ஹரியானா பக்கம் வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிறார்கள். அங்கே அது மிச்சம். நமக்கு அது மிச்சமா? நம் மாட்டுக்கு அதுதான் சாப்பாடு. ஓரிடத்துக் குப்பை இன்னோரிடத்துத் தீவனம் என்பதை ஆலைக்காரர் மறந்தாலும் நாம் மறக்கக்கூடாது.

அரிசி விஷயம் ஒரு வார்த்தை. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கு அரிசியையும் சாராயத்துக்குக் கொடுக்கிறார்கள். நெல் வயலில் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் அடிமண்ணில் மீத்தேன் வாயு ஊறி வரும். அது கரியமிலவாயுவைவிட ஏறக்குறைய 27 மடங்கு சூடாக்கும். அதனால் அரிசிச் சாராயத்தின் கணக்கு இன்னும் பாரமாகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் மீத்தேன் கணிசமாகக் குறையும், மோட்டார் நேரமும் குறையும். சாராயம் எடுக்காவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை அது.

காட்டாமணக்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பலருக்கு மனசு ஆறாது. 2003-ல் திட்டக்குழு அமைத்த குழு ஒன்று டீசலில் இருபது பங்கு கலக்க 1 கோடி ஹெக்டேருக்கு மேல் காட்டாமணக்கு போட வேண்டும் என்றது. தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், ஆடுமாடு கடிக்காது என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். ஆடுமாடு கடிக்காது என்பது மட்டும் உண்மை. ஏனென்றால் அது விஷம். பிண்ணாக்கையும் மாட்டுக்கு வைக்க முடியாது. கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் போட்டவர்களை நேரில் கண்டு செய்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. சொன்ன விளைச்சல் கிடைக்கவில்லை, கட்டுபடியாகவில்லை, தண்ணீர் வசதி உள்ளவனுக்குத்தான் கொஞ்சமாவது தேறும், ஏழை விவசாயிக்கு அடி பலம் என்று அது சொல்கிறது.

நம் டீசல் படியை இங்கேயும் வைத்துப் பாருங்கள். ஏக்கருக்கு 400 கிலோ விதை கிடைத்ததாக வைத்தால், ஆட்டி எடுக்கும் எண்ணெய் 100 கிலோ. அதைக் காய்க்க வைக்க 100 மணி நேரம் மோட்டார் போட்டிருந்தால் 120 லிட்டர் டீசலின் சக்தி அதிலேயே போய்விட்டது. அதன் பிறகு எண்ணெயை டீசலாக மாற்ற நூறு கிலோவுக்குப் பத்துப் பதினோரு கிலோ மெத்தனால் வேண்டும். மெத்தனால் எதிலிருந்து வருகிறது? எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான்! தண்ணீர் கட்டாமல் வேலியில் நிற்கிற காட்டாமணக்கும், தோப்போரத்தில் தானாக உதிர்க்கிற புங்கமும் வேறு கதை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் புங்க எண்ணெயிலேயே டீசல் எஞ்சினை ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். இது புதுசும் அல்ல. 1900-ல் பாரிஸ் பொருட்காட்சியிலேயே டீசல் எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. ஓடுமா என்பது எப்போதும் கேள்வியாக இருந்ததில்லை. மிஞ்சுமா என்பதுதான் கேள்வி.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? மக்காச்சோளத்துக்கு ஒப்பந்தம் என்று யாராவது வந்தால், என்ன விலை என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஆலையில் என்ன எரிக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். உமி, சக்கை என்று பதில் வந்தால் நாளைக்கு உங்கள் உமிக்கும் ஒரு விலை உண்டு. அரசாங்கம் கொள்கையை மாற்றினால் விலை என்ன ஆகும், கொள்முதல் நின்றால் யார் பொறுப்பு என்பதைக் காகிதத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றுக்கு நடந்தது மக்காச்சோளத்துக்கு நடக்காது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மாட்டுக்குப் போடுகிற மணியை முழுசாக விற்றுவிட்டுத் தீவனத்தை வெளியே வாங்குகிற நிலைமைக்குப் போகாதீர்கள்.

வீட்டில் நாலு மாடு இருந்தால் ஆலையை எதிர்பார்க்கவே வேண்டாம். 50 கிலோ சாணத்தில் நாளொன்றுக்கு 2 கன மீட்டர் சாண எரிவாயு வரும். முக்கால் கிலோவுக்கு மேல் சமையல் வாயுவுக்குச் சமம் அது. 14 கிலோ சிலிண்டர் ஒன்று பதினாறு, பதினேழு நாளில் மிச்சமாகும். தழைச்சத்தும் எங்கும் போய்விடாது, கரைசலாக வயலுக்கே திரும்பி வருகிறது. ஒன்றே ஒன்று, குழாய் கசியக்கூடாது. கசிவது மீத்தேன். கசிகிற கலனை வைத்திருப்பதைவிட இல்லாமலிருப்பது மேல். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று மாதம் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

யூரியாவைக் குறைக்க வழி இருக்கிறது. 2015-லிருந்து நாட்டில் விற்கிற யூரியா எல்லாம் வேப்பெண்ணெய் பூசியது. மெதுவாகக் கரையும், காற்றில் போவது குறையும். அதை ஒரே மூச்சில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். சம்பாவுக்கு முன்னால் தக்கைப்பூண்டு மடக்கி உழுதால் யூரியா மூட்டை தானாகக் குறையும். நெல்லுக்கு இலை வண்ண அட்டை இருக்கிறதே, அதைப் பயன்படுத்துங்கள். நடவு செய்த 14-ஆம் நாளிலிருந்து கதிர் வரும் வரை ஏழு முதல் பத்து நாளைக்கு ஒரு முறை, காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில் பாருங்கள். முழுசாக விரிந்த மேல் இலை பத்தை எடுத்து, உங்கள் உடம்பின் நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிடுங்கள். வெயிலில் வைத்தால் நிறம் ஏமாற்றும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு இலைக்கு மேல் அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் மட்டும் ஏக்கருக்கு 26 முதல் 30 கிலோ யூரியா தூவுங்கள். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு அடுத்த வாரம் பாருங்கள். அட்டை இல்லாதவர்கள் உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.